காற்றே இல்லாத இடத்தில் மங்கள்யான் பிரேக் போட்டது எப்படி?

கேள்வி: வெற்றிடத்தில் எதைத் தள்ளி விண்கலம் நகர்கிறது? 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயருகே மங்கள்யான் வேகத்தைக் குறைத்தது எப்படி?

பதில் 1: காற்றைத் தள்ளுவதே இல்லை, தன் எரிபொருளைத்தான் தள்ளுகிறது. வாயு விநாடிக்குச் சுமார் 3 கி.மீ. வேகத்தில் ஒரு பக்கம் பாய, கலம் மறுபக்கம் உந்தப்படும். வெளியழுத்தம் இல்லாததால் உந்துவிசை வெற்றிடத்தில் கூடுமே தவிர குறையாது. பிரேக்குக்கென்று தனி எஞ்சின் கிடையாது. கலத்தைத் திருப்பி, வாயு வெளியேறும் முனைக்குழலைப் பயணத் திசையில் நிறுத்தி எரிப்பார்கள். அன்று 440 நியூட்டன் (விசையின் அலகு) முதன்மை எஞ்சினும் எட்டு 22 நியூட்டன் உந்திகளும் ஏறத்தாழ 1,388 விநாடி எரிந்தன. சுமார் 249 கிலோ எரிபொருள் செலவாகி, வேகம் விநாடிக்கு 1,099 மீட்டர் குறைந்தது.

பதில் 2: திருப்பும் வேலைக்கு எரிபொருள் எப்போதும் தேவையில்லை. உள்ளே நான்கு சுழல் சக்கரங்கள் உண்டு. சக்கரம் ஒரு பக்கம் வேகமெடுத்தால் கலம் எதிர்ப்பக்கம் மெல்லத் திரும்பும். சூரிய ஒளியின் அழுத்தம் விடாமல் தள்ளுவதால் சக்கர வேகம் ஏறிக்கொண்டே போய் உச்சவரம்பைத் தொடும். அப்போது சிறு உந்திகளை இயக்கிச் சுழற்சியை இறக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் கட்டுப்பாடு போய்விடும். ஆனால் சக்கரத்தால் பாதையை மாற்றவே முடியாது.

பதில் 3: உண்மையான பயம், எரிபொருளைத் திறந்து மூடும் வால்வுகள் வேலை செய்யுமா என்பதுதான். முதன்மை எஞ்சின் சுமார் 300 நாள் உறங்கிக் கிடந்தது. அதனால் எரிபொருள் செல்ல மாற்றுக் குழாய்வழியும் வைத்திருந்தார்கள். இரண்டு நாள் முன்னதாக 4 விநாடி எரித்துச் சோதித்தார்கள்.