பிள்ளைகளின் 'தன்னிச்சை அசைவு': இந்தச் சொல் வேண்டாம்

வணக்கம் எல்லோருக்கும்.

பிள்ளைகளின் உடலில் அவர்கள் நினைக்காமலே வரும் அசைவுகளுக்கு (involuntary movements) தமிழ்ச் சொல்லாக அண்ணை முன்வைத்த 'தன்னிச்சை அசைவு' எனக்குச் சரியாகப் படவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தாயிடம் இதைச் சொன்னால், பிள்ளை தன் விருப்பத்துக்குச் செய்கிறான் என்றுதான் விளங்கிக்கொள்வார். பள்ளிக்கூடத்திலும் ஏற்கெனவே அந்தப் பழிதான் பிள்ளை மேல் விழுகிறது. பொதுச்சொல்லாக 'இச்சையின்றிய அசைவு' போதும், விஞ்ஞானப் பாடத்தில் இச்சையின்றிய தசை படித்தவர்களுக்குப் புரியும்.

ஆனால் ரிக் (tic, தமிழகத்தார் டிக் என்பது), அதாவது திடீரென்று திரும்பத் திரும்ப வரும் சிறு அசைவோ ஒலியோ, அதற்குள் முழுதாக அடங்காது. கண்ணை வெட்டுதல், தோளைக் குலுக்குதல், தொண்டையைச் செருமுதல் இவற்றுக்கு முன்னே பல பிள்ளைகளுக்கு உள்ளே ஓர் உந்தல் எழும், தும்மல் வருகிற மாதிரி. கொஞ்ச நேரம் அடக்கலாம், அப்புறம் வந்தே தீரும். அடக்க முடிகிறதைப் பார்த்துத்தான் "நினைத்தால் நிற்பாட்டுவான்" என்று ஏசுகிறார்கள், ஏச்சின் பதற்றத்தில் அது இன்னும் கூடும். பெரும்பாலும் 4 முதல் 7 வயதுக்குள் தொடங்கி, 10-12 வயதில் உச்சத்துக்கு வந்து, வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். இதற்கு 'வெடுக்கசைவு', குரலாக வருவதற்கு 'வெடுக்கொலி' என்பேன். அசைவுகள் பலவும் ஒலி ஒன்றாவதும் ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் ரூரெற் (Tourette) நோய்க்கு, 1885இல் அதை விவரித்த பிரெஞ்சு வைத்தியரின் பெயரே இருக்கட்டும்.

அடுத்தது கொரியா (chorea), உடல் ஒழுங்கில்லாமல் அசையும் நோய். இப்படி எழுதினால் நாடு என்று நினைப்பார்கள். 'ஆட்டம்' சேர்ந்த சொல்லும் வேண்டவே வேண்டாம். உரு ஆடுகிறது என்று நூல் கட்டப் போவார்கள், இங்கே தாமதம் உண்மையிலேயே ஆபத்து. ஸ்ரெப்ரோகொக்கசு கிருமியால் தொண்டை நோ வந்து பல வாரங்கள், சிலவேளை மாதங்கள் கழித்து, பிள்ளையின் கையும் முகமும் நாக்கும் ஒழுங்கில்லாமல் அசையத் தொடங்கும், கையெழுத்துக் கெடும், கோப்பை நழுவும், நித்திரையில் அடங்கும். இது இதயத்தையும் தாக்கக்கூடிய வாதக்காய்ச்சலின் (rheumatic fever) அடையாளம், இதய வால்வுகளைப் பரிசோதிக்க வேண்டும், பெனிசிலினை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். அசைவு உறுப்புக்கு உறுப்புத் தாவுவதால் 'தாவசைவு' என்பது என் முன்மொழிவு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார், நாங்கள் நாலு சொல்லுக்குத் தயங்கத் தேவையில்லை.

டிஸ்ரோனியாவுக்குத்தான் (dystonia) எனக்கு இன்னும் சொல் பிடிபடவில்லை. தசை இழுபட்டு உடல் முறுகுவது அது. 'முறுக்கசைவு' என்றால், முறுகியபடியே அசையாமல் நிற்பது விடுபடுகிறது. 'இசிவு' என்றால் வலிப்போடு குழம்பும். 'முறுக்குநிலை' சரிவருமா?