சர்வர் அறைக்குக் கேபிள் இழுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சேதராப்பட்டு:
முதலில் என்னுடையதைச் சொல்கிறேன். இங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். 2015ல் அவர்களுடைய டேட்டா சென்டருக்குக் கேபிள் போட்ட டீமில் நானும் இருந்தேன். இரண்டு ஹால், நடுவில் நீளமான நடைபாதை, எல்லாமே கேட் 6 என்கிற செம்பு நெட்வொர்க் கேபிள். அன்றைக்கு எல்லாச் சர்வரும் ஒரு ஜிகாபிட் (நொடிக்கு நூறு கோடி பிட்) வேகம்தான், அதனால் அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. ஆறு வருடம் கழித்துப் பத்து ஜிகாபிட் நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கி மாட்டினார்கள். ஹாலுக்கு ஹால் போகிற லிங்க் பாதி ஏறவே இல்லை, ஏறியதும் எரராகக் கொட்டியது. ஸ்விட்ச்தான் கோளாறு என்று விற்றவரோடு நான்கு நாள் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் டெஸ்டரை வைத்துப் பார்த்தால் தூரம் 60, 70 மீட்டர். கேட் 6ல் பத்து ஜிகாபிட் நல்ல நிலைமையிலேயே 55 மீட்டர் வரைதான். நாங்கள் போட்ட மாதிரி ஐம்பது கேபிளை ஒரே கட்டாக இறுக்கிக் கட்டினால், பக்கத்துக் கேபிளின் சிக்னல் இதில் கசிகிற க்ராஸ்டாக் ஏறி 37 மீட்டரிலேயே தகராறு ஆரம்பித்துவிடும்.

சரி, மாற்றிவிடலாம் என்று தரைப் பலகையைத் தூக்கினோம். பிளாஸ்டிக் டை இறுக்கிய இடமெல்லாம் கேபிளுக்கு இடுப்பு விழுந்திருந்தது. பேப்பர் டேப்பில் பேனாவால் எழுதிய லேபிள், அதுவும் ஒரு முனையில் மட்டும், நம்ம ஊர்ப் புழுக்கத்தில் மை ஊறி நீலக் கறையாகக் கிடந்தது. எது ஓடுகிறது, எது செத்தது என்று தெரியாமல் கேபிளில் சிக்னல் விட்டு மறுமுனையைக் கண்டுபிடிக்கிற டோன் கருவியை வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடினோம். செத்தது என்று நினைத்து உருவியதில் பில்லிங் சர்வர் ஒருமுறை விழுந்தே விட்டது.

புதிதாகப் போடும்போது ஹாலுக்குள் கேட் 6க்கு அடுத்த தரமான கேட் 6ஏ போட்டோம். 90 மீட்டர் நிலையான ஓட்டம், இரண்டு பக்கமும் கருவியோடு இணைக்கிற சின்னக் கேபிளான பேட்ச் கார்டு சேர்த்து 10 மீட்டர், ஆக 100 மீட்டருக்கும் பத்து ஜிகாபிட் போகும். அது கொஞ்சம் பருமனான கேபிள் என்பதால் ட்ரேயைத் தலைக்கு மேல் கொண்டுபோய்ப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன், டை எல்லாம் வெல்க்ரோதான். ஹாலுக்கு ஹால் ஓஎம்3 ஃபைபர் (குறைந்த தூரத்துக்கான மல்டிமோடு கண்ணாடி இழைக் கேபிள்) போதுமே என்றார் கம்பெனி மேனேஜர். பத்து ஜிகாபிட்டுக்கு அது 300 மீட்டர் போகும், ஆனால் நூறு ஜிகாபிட்டுக்கு எஸ்ஆர்4 (ஸ்விட்ச்சில் செருகுகிற ஒரு வகை ஒளி மாட்யூல்) என்று வந்தால் 70 மீட்டரோடு நின்றுவிடும் சார் என்று கணக்குப் போட்டுக் காட்டி நெடுந்தூரம் போகிற சிங்கிள் மோடு ஃபைபருக்குச் சம்மதிக்க வைத்தேன். நாளைக்கு வேகம் கூடினால் இரண்டு முனையிலும் மாட்யூலை மாற்றினால் போதும், தரையையும் சுவரையும் தொட வேண்டாம். ஆறு கோர் (இழை) கேட்டார்கள், 24 போட்டோம். கூலியும் நாளும்தான் பெரிய செலவு, கோர் கூடினால் அவ்வளவாக ஏறாது.

மஞ்சக்குப்பம்:
அண்ணே, நீங்கள் சொன்னது அறைக்கு உள்ளே. எனக்கு அடி வெளியே இருந்து விழுந்தது. கடலூரில் நான் வேலை பார்த்த இடத்தில் இரண்டு வேறு கம்பெனிகளிடம் லிங்க் வாங்கி, ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையேறியது. மதியம் வெளியே போய்ப் பார்த்தால் எங்கள் தெருவில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன, இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தின் அடியில் ஒன்றாக நசுங்கிக் கிடக்கின்றன. பில் இரண்டு, பாதை ஒன்று. அதற்குப் பிறகு நான் போகிற இடமெல்லாம், கேபிள் கட்டடத்துக்குள் எந்த மூலையில் நுழைகிறது, எந்தத் தெரு வழியாக வருகிறது என்று நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வரைபடத்தில் கோடு போடுகிறேன். ஒன்று முன்தெரு கம்பத்தில் வந்தால் மற்றது பின்தெருவில் மண்ணுக்கு அடியில் வர வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கேபிள் போடாதீர்கள். பக்கத்தில் இடி விழுந்தால் அதன் வழியாகவே மின்னழுத்தம் ஏறி இரண்டு பக்க ஸ்விட்ச்சையும் தின்றுவிடும். ஃபைபருக்கு அந்தத் தொல்லை இல்லை.

வில்லியனூர்:
எனக்கு நடந்தது கேபிளிலேயே. 305 மீட்டர் பெட்டி, மேலே கேட் 6 என்று அழகாக அச்சு, விலையும் குறைவு. தூக்கும்போதே லேசாக இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. கேமராவுக்கு அதன் வழியாகவே கரண்ட் கொடுத்தோம், தூரத்தில் இருந்த நான்கு கேமராவும் ராத்திரியானால் அணைந்து அணைந்து எரிந்தன. பழைய எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் கம்பியை வாங்கி பிளேடால் சுரண்டினார், சிவப்பு உரிந்து உள்ளே வெள்ளையாக மின்னியது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். அலுமினியத்தில் மின்தடை அதிகம், கரண்ட் வழியிலேயே கரைந்து கேபிள் சூடாகும். ஒன்பது பெட்டி இழுத்து முடித்திருந்தோம், அத்தனையும் உருவினோம். இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சாண் வெட்டிச் சுரண்டிப் பார்த்த பிறகுதான் சலானில் கையெழுத்துப் போடுகிறேன்.