உலர் கிரையோஸ்டாட்டில், 9 டெஸ்லாவில் அணு தெரியுமா?

கேள்வி (முனைவன்):
எங்கள் லேபில் 9 டெஸ்லா காந்தத்தோடு எஸ்டிஎம் (ஊசி முனையால் அணுக்களைப் பார்க்கும் நுண்ணோக்கி) வாங்கப்போகிறார்கள். திரவ ஹீலியம் விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. திரவ ஹீலியம் ஊற்றாமல், ஹீலியம் வாயுவின் அழுத்தத்தை ஏற்றி இறக்கிக் குளிர வைக்கும் பல்ஸ் டியூப் குளிர்விப்பான் வைத்த உலர் கிரையோஸ்டாட்தான் (கிரையோஸ்டாட் என்பது கடுங்குளிர்க் கலம்) என்று கைடு முடிவாக இருக்கிறார். நான் நையோபியம் டைசெலினைடு என்ற மீக்கடத்தியில் காந்தச் சுழல்களை (காந்தப்புலம் இழை இழையாக நுழையும் இடங்களை) பார்க்க வேண்டும், அணுவும் தெரிய வேண்டும். விநாடிக்கு ஒன்றிரண்டு தரம் அடித்துக்கொண்டே இருக்கும் இயந்திரத்தில் இதெல்லாம் நடக்குமா?

பதில் (செம்புக்கம்பி):
சுழலுக்குக் கவலையே வேண்டாம். 1 டெஸ்லாவில் சுழலுக்குச் சுழல் கிட்டத்தட்ட 49 நானோமீட்டர். அணுவுக்கு அணு 0.35 நானோமீட்டர்தான், சிக்கல் அங்கேதான்.

பதில் (குளிர்முனை):
நடக்கும் தம்பி, அப்படி ஒரு இயந்திரத்தோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன். ஆனால் நீங்கள் பயப்படுகிற சத்தம் வேறு, படத்தைக் கெடுக்கிற அதிர்வு வேறு. கம்ப்ரஸரைப் பக்கத்து அறையில் போட்டால் காதுக்கு நிம்மதி, அவ்வளவுதான். பல்ஸ் டியூபின் குளிர்ந்த முனையில் ஓடுகிற பாகம் எதுவும் கிடையாது. இருந்தும் உள்ளே ஹீலியம் அழுத்தம் ஏறி இறங்கும்போது அந்த மெல்லிய குழாயே நீண்டு சுருங்குகிறது, மைக்ரோமீட்டர் கணக்கில். ஊசி முனைக்கும் மாதிரிக்கும் இடைவெளி 0.1 நானோமீட்டர் மாறினாலே அந்த இடைவெளியைத் தாண்டிப் பாயும் டனலிங் மின்னோட்டம் ஏறக்குறைய பத்து மடங்கு மாறிவிடும். அதனால்தான் குளிர்ந்த முனையை எஸ்டிஎம்மோடு நேராக முடுக்காமல், தொய்வான செம்புப் பின்னல் வழியாகவோ கொஞ்சம் ஹீலியம் வாயு வழியாகவோ குளிரை மட்டும் இறக்குகிறார்கள். எஸ்டிஎம் தலை ஸ்பிரிங்கில் தொங்கும்.

இனிதான் விஷயம். காந்தத்தை ஏற்றாமல் எடுத்த அழகான படத்தைக் காட்டி விற்பார்கள், மயங்காதீர்கள். காந்தப்புலம் ஏறியதும் கதை மாறும். ஆடுகிற ஒயர் வளையம் லேசாகச் சாய்ந்தாலே அதில் மின்னழுத்தம் பிறக்கும், அது நேராக சிக்னலில் வந்து உட்காரும். தலையில் தடித்த செம்பு இருந்தால் சுழல் மின்னோட்டம் அதைக் காந்தத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், ஸ்பிரிங் இருந்தும் பிரயோஜனம் இல்லை. டைட்டானியம் உடம்பா என்று கேளுங்கள். ஏற்புச் சோதனை 9 டெஸ்லாவில், குளிர்விப்பான் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்க வேண்டும் என்று ஆர்டரில் எழுதிவிடுங்கள். படம் போதாது, மின்னோட்ட இரைச்சலின் அதிர்வெண் வரைபடமும் வேண்டும்.

முனைவன்:
சார், படம் எடுக்கும் நேரம் மட்டும் கம்ப்ரஸரை நிறுத்தினால்?

குளிர்முனை:
புலம் இல்லாதபோது சில நிமிஷம் சரி, வெப்பநிலை நகர்வதைப் பொறுத்துக்கொள்ளலாம். புலம் இருக்கும்போது தொடவே தொடாதீர்கள். ஈரக் கிரையோஸ்டாட்டில் கரண்ட் போனாலும் தொட்டியில் கிடக்கும் ஹீலியம் காந்தத்தைக் காப்பாற்றும். இங்கே அந்தக் கையிருப்பு கிடையாது. காந்தம் சூடேறி, மீக்கடத்தும் தன்மையை இழந்து க்வென்ச் ஆகிவிடும். அப்புறம், யுபிஎஸ் கணக்குப் போடும்போது கம்ப்ரஸரோடு, அதற்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பும் சில்லர் இயந்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நின்றால் கம்ப்ரஸர் தானாகவே நின்றுவிடும்.