பேஜ் லோடில் சேர்த்த பட்டனுக்கு கிளிக் வராதா?

பழையகோடு:
"டைனமிக் பட்டனை (கோடு ஓடும்போது உருவாக்குவது) இனிட்டில்தான் (பக்கம் உருவாகும் தொடக்கக் கட்டம்) சேர்க்கணும், லோடில் (அதற்குப் பின் வரும் கட்டம்) சேர்த்தால் கிளிக் (அழுத்தினால் ஓட வேண்டிய கோடு) வரவே வராது" என்று நேற்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். தவறு. மைக்ரோசாஃப்டின் வலைப்பக்கக் கருவியான ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸ் 2002-ல் வந்த நாளிலிருந்தே கிளிக் வருகிறது. ஒவ்வொரு போஸ்ட்பேக்கிலும், அதாவது பக்கம் மறுபடி சர்வருக்குப் போகும்போதெல்லாம், அதே ஐடியோடு சேர்க்கணும், அவ்வளவுதான்.

மதுரைடெவ்:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே எழுதலாம். எட்டு வருடமாக இதில்தான் சோறு சாப்பிடுகிறேன். லோடில் சேர்த்தேன், அழுத்தியதும் பட்டனையே காணோம்.

பழையகோடு:
இஸ்போஸ்ட்பேக் பார்த்து முதல் தடவை மட்டும் ஓடுகிற இஃபுக்குள் வைத்திருப்பீர்கள். அழுத்தியதும் சர்வரில் பக்கம் புதிதாகப் பிறக்கிறது. நீங்கள் மறுபடி சேர்க்காவிட்டால் பட்டன் எங்கிருந்து வரும்? கிளிக் ஓடுவதே லோட் முடிந்த பிறகுதான்.

மதுரைடெவ்:
வியூஸ்டேட் (பக்கத்தின் முந்தைய நிலையைச் சுமந்து வரும் தரவு) லோடுக்கு முன்பே ஏறிவிடுகிறதே! அதற்கு என்ன பதில்?

பழையகோடு:
பின்னால் வரும் கன்ட்ரோலுக்கு (பட்டன், டெக்ஸ்ட்பாக்ஸ் போன்றவை), கன்ட்ரோல்ஸ்.ஆட் என்று பக்கத்தில் சேர்க்கும்போதே வியூஸ்டேட்டில் அதன் பங்கு போய்ச் சேர்ந்துவிடும். பக்கம் ஓடும் வரிசையைக் காட்டும் ட்ரேஸை ட்ரூ என்று போட்டுப் பாருங்கள். பக்கத்தின் அடியில், என்ட் லோட் வரிக்குக் கீழே, 'ப்ராசஸ்போஸ்ட்டேட்டா செகண்ட் ட்ரை' என்று இருக்கும். பயனர் அனுப்பியதை லோடில் சேர்ந்தவற்றிலும் ஏற்றத்தான் அந்த இரண்டாவது சுற்று. கிளிக் வரும்.

கோவைகோடர்:
ஆனால் லோடில் சேர்த்த டெக்ஸ்ட்பாக்ஸை அதே லோடில் படித்தால், பயனர் புதிதாகத் தட்டியது வரவில்லை. ராத்திரி இரண்டு மணி வரை இதோடு மல்லுக்கட்டினேன்.

மதுரைடெவ்:
பார்த்தீர்களா! இனிட் என்றேனே!

பழையகோடு:
அந்த இரண்டாவது சுற்று லோடுக்கு அப்புறம்தானே, அதனால் வரவில்லை. கிளிக்கில் படியுங்கள், கிடைக்கும். மதுரைடெவ், நீங்கள் சொன்னது டெக்ஸ்ட் அல்ல, கிளிக். கிளிக் வரும்.

புதுவெள்ளம்:
இன்னும் வெப் ஃபார்ம்ஸா? பின்னால் வந்த டாட்நெட் கோரில் இது கிடையவே கிடையாது. வேறு வேலை பாருங்கள்.

பழையகோடு:
எங்கள் வாடிக்கையாளரின் சம்பளப் பட்டியல் இன்றும் இதில்தான் ஓடுகிறது. மாதக் கடைசியில் நீங்கள் வந்து மாற்றிக் கொடுப்பீர்களா?

மதுரைடெவ்:
போன மாதம் அப்டேட்பேனல் (பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிப்பது) விஷயத்திலும் இவர் இப்படித்தான், அடுத்தவரைப் பேசவே விடவில்லை.

பழையகோடு:
அப்டேட்பேனலிலும் நான் சொன்னதுதான் சரி. இஃபை எடுத்துவிட்டு ஓட்டினீர்களா, இல்லையா?

மதுரைடெவ்:
என் பக்கத்தில் இனிட்டில்தான் இருக்கும். நான் மாற்றப்போவதில்லை.

பழையகோடு:
கேட்டது அதுவல்ல. கிளிக் வந்ததா?