குளிரைக் கூட்டினால் சூடு வருகிறது: புது தெர்மோஸ்டாட்டில் எங்கே பிழை விட்டேன்?

பதினாலாம்மாடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்காபரோவில் ஒரு பழைய கொண்டோ (சொந்த அடுக்குமாடி வீடு), 14ஆம் மாடி. சுவருக்குள் நிற்கிற ஃபேன் காயில், அதாவது தண்ணீர் ஓடுகிற சுருளின் மேல் காற்றை ஊதி அறையைச் சூடாக்குகிற, குளிராக்குகிற பெட்டி. வரவேற்பறையில் ஒன்று, அம்மாவின் அறையில் ஒன்று. கட்டடத்துக்கு இரண்டு குழாய்தான், ஒன்றில் தண்ணீர் வரும், மற்றதில் திரும்பிப் போகும். கோடையில் குளிர்ந்த தண்ணீர், குளிர்காலத்தில் அதே குழாயில் சுடுதண்ணீர்.

அம்மாவின் அறையில் இருந்த பழைய தெர்மோஸ்டாட்டில் எண்கள் எல்லாம் தேய்ந்துபோய்விட்டன. கண்ணாடி போட்டும் அவருக்குத் தெரியவில்லை. போன மாதம் பெரிய எழுத்தில் காட்டுகிற டிஜிட்டல் ஒன்று வாங்கினேன். 120 வோல்ட், மூன்று வேக ஃபேன், இரண்டு குழாய் என்று பெட்டியில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன். பிரேக்கரை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு வயரிலும் பழைய டெர்மினலின் எழுத்தை டேப்பில் எழுதி ஒட்டி, படமும் எடுத்துவிட்டுத்தான் கழற்றினேன். கறுப்பு, வெள்ளை, ஃபேனுக்கு மூன்று, தண்ணீரைத் திறந்து மூடுகிற வால்வுக்கு ஒன்று. எல்லாம் அந்தந்த இடத்தில் போட்டேன். மிச்சமாக இரண்டு நீல வயர்கள் இருந்தன. புதியதில் அவற்றுக்கு இடம் இல்லை. நுனியை மூடி உள்ளே தள்ளிவிட்டேன்.

இப்போது கூத்து இதுதான். 22 வைத்தால் அறை 27க்கு ஏறுகிறது. திரையில் பனிப்பூ அடையாளம். வேர்த்துப்போய் 18க்கு இறக்கினேன், சூடு நிற்கிற பாடில்லை. வெறுத்துப்போய் 30க்கு ஏற்றினால், வால்வு மூடி, அறை மெல்ல மெல்லக் குளிர்கிறது. கடையில் கேட்டேன், "பழுது போல, திருப்பிக் கொண்டுவாருங்கள்" என்கிறார்கள்.

அம்மா இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். "இதுக்குத் தலைகீழ்ப் புத்தி" என்று சொல்லிவிட்டு, குளிர்ந்தால் 18, வேர்த்தால் 30 என்று தானே போட்டுக்கொள்கிறார். அவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. எனக்குத்தான் நித்திரை இல்லை.

வால்வுக்காரன் எழுதியது:

தம்பி, திருப்பிக் கொடுக்காதை. அது பழுதில்லை. குழாயில் இப்போது என்ன தண்ணீர் ஓடுகிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வெளியே பனி கொட்டுகிறது, அது இன்னும் ஜூலை மாதத்தில் இருக்கிறது.

யோசித்துப் பார். கோடையில் அறை 27, நீ கேட்டது 22 என்றால் அது என்ன செய்ய வேண்டும்? வால்வைத் திறந்து குளிர்ந்த தண்ணீரை விட வேண்டும். அதைத்தான் செய்கிறது. ஆனால் வருவது சுடுதண்ணீர். அறை இன்னும் சூடாகிறது, அதைப் பார்த்து வால்வை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது. 30க்கு ஏற்றும்போது "கேட்டதைவிட அறை குளிர்ந்துதான் இருக்கிறது, குளிரூட்டத் தேவையில்லை" என்று மூடுகிறது. அம்மா சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

அந்த இரண்டு நீல வயர்களும் பெரும்பாலும் குழாயில் கவ்வி வைத்திருக்கிற ஒரு சின்ன சுவிட்சுக்குப் போகும். குழாய் சூடானால் ஒரு பக்கம், குளிர்ந்தால் மறுபக்கம் விழும். பழைய தெர்மோஸ்டாட் அதை வைத்துத்தான் பருவம் அறிந்தது. கவனம்: பழைய வகையில் அந்த சுவிட்சுக்குள்ளாலும் 120 வோல்ட் போகலாம். அதைப் புதியதின் சென்சர் டெர்மினலில் மாட்டினால் ஒரு கணத்தில் புகை. மூடி வைத்தாயே, அது நல்ல காரியம். அப்படியே இருக்கட்டும்.

இப்போது புது தெர்மோஸ்டாட் வந்த பெட்டியைத் திரும்பத் திறந்து பார். நீளமான மெல்லிய வயரின் நுனியில் மிளகளவு கறுப்புக் குமிழ் ஒன்று இருக்க வேண்டும். அதுதான் குழாய் சென்சர். மீட்டர் இருந்தால் அளந்து பார். இந்த வகையில் அதிகம் வருவது 25 பாகையில் 10,000 ஓம் மின்தடை காட்டும். விரலுக்குள் பிடித்தால் எண் இறங்கும். இறங்கினால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

கட்டுகிற இடம் முக்கியம். தண்ணீர் உள்ளே வருகிற குழாயில், வால்வுக்கு முன்னால் கட்ட வேண்டும். வால்வுக்குப் பின்னால் கட்டினவர்களின் வீட்டுக்கு நான் எத்தனை தரம் போயிருக்கிறேன்! வால்வு மூடியிருக்கும்போது அந்தத் துண்டில் தண்ணீர் ஓடாது, குழாய் அறை வெப்பத்துக்கு வந்துவிடும், சென்சருக்கு ஒன்றும் விளங்காது. சில மாடல்கள் இதற்காகவே இடைக்கிடை வால்வைத் திறந்து தண்ணீரைத் தொட்டுப் பார்க்கும். உன்னுடையது செய்யுமா என்று கையேட்டில் பார். குமிழ் செம்பில் நேராக ஒட்ட வேண்டும், பெயின்ட், பஞ்சு எதுவும் நடுவில் இருக்கக் கூடாது. இரண்டு பிளாஸ்டிக் கட்டு (டை) போட்டு இறுக்கு. அதன் வயரை 120 வோல்ட் வயர்களோடு ஒரே குழலில் இழுக்காதை.

இன்றிரவுக்கு மட்டும் என்றால், மெனுவில் கையால் பருவம் மாற்ற விட்டால் 'சூடு' என்று வை. மே மாதம் மறந்துபோவாய், அதனால் அதை நம்பி விட்டுவிடாதை.

வெள்ளவத்தைப்பெடியன் எழுதியது:

அண்ணை சொன்ன புகையை நான் நேரிலேயே பார்த்தவன். விலைகூடிய வைஃபை தெர்மோஸ்டாட் ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கி மாட்டினேன். அது 24 வோல்ட்டுக்குச் செய்தது என்று தெரியாது. பிரேக்கரைப் போட்டேன், 'டப்' என்றது, 200 டொலர் போச்சு. இப்போது யார் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வேன்: உள்ளே மெல்லிய கலர் கலர் வயர்கள் இருந்தால் 24 ஆக இருக்கும், தடித்த கறுப்பும் வெள்ளையும் இருந்தால் 120 என்றே நினைத்துக்கொண்டு, மீட்டரால் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள்.

வால்வுக்காரன் எழுதியது:

நீ வீட்டை எரிக்காமல் விட்டாயே, அதுவே பெரிய காரியம். ஃபேன் வயர்களையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு நேரத்தில் ஒரு வேகத்துக்குத்தான் மின்சாரம் போக வேண்டும். இரண்டையும் ஒன்றாக முறுக்கி விட்டால் மோட்டரின் சுற்று சூடாகிக் கருகிவிடும். கையில் நம்பிக்கை இல்லாவிட்டால் லைசன்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் கொன்ட்ராக்டரைக் கூப்பிடுங்கள். ஒன்ராறியோவில் காசு கொடுத்துச் செய்விப்பதென்றால் சட்டப்படி அவர்கள்தான் செய்யலாம். ஃபேன் காயில் உங்களுடையதா கட்டடத்துடையதா என்று நிர்வாகத்திடமும் கேட்டுவிடுங்கள், கொண்டோவுக்குக் கொண்டோ மாறும்.

மஞ்சள்கதவு எழுதியது:

நான் மிசிசாகாவில் இருக்கிறேன். ஒருவரும் சொல்லாததால் எழுதுகிறேன். சென்சர் கட்டுவதற்காகக் குழாயின் மேலிருக்கிற கறுப்பு நுரை உறையை வெட்டினால் திரும்ப மூடி டேப் சுற்றுங்கள். எங்கள் வீட்டில் வேலைக்கு வந்தவர் ஒரு சாண் நீளத்துக்குத் திறந்தபடி விட்டுவிட்டுப் போய்விட்டார். குளிர்காலம் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. ஜூனில் குளிர்ந்த தண்ணீர் வந்ததும் அந்த இடத்தில் குழாய் வேர்த்து, சொட்டுச் சொட்டாக ட்ரைவாலுக்குள் இறங்கி, கண்டுபிடிக்கும்போது சுவரின் அடி முழுக்கப் பூஞ்சணம். மணத்தில்தான் பிடித்தேன்.

பதினாலாம்மாடி எழுதியது:

அண்ணைக்கும் அக்காவுக்கும் நன்றி. குமிழ் பெட்டிக்குள்தான் இருந்தது, கையேட்டின் மடிப்புக்குள். மேலதிக வயர் என்று நினைத்து நான்தான் திருப்பி வைத்திருக்கிறேன். பிரேக்கரை நிறுத்தி, முன் பலகையைக் கழற்றி, வால்வுக்கு முன்னால் கட்டி, நுரையை மூடி டேப்பும் சுற்றிவிட்டேன். பிரேக்கரைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் பனிப்பூ போய்ச் சூரியன் வந்தது. 22 கேட்டால் இப்போது 22இல் நிற்கிறது. அறையில் வேறு தெர்மோமீட்டர் வைத்துப் பார்த்தேன், இது ஒன்றரைப் பாகை கூடக் காட்டுகிறது. ஃபேன் காயிலின் முகத்திலேயே மாட்டியிருப்பதாலா?

புதுப் பிரச்சினை: நேற்றிரவு அம்மாவுக்குக் குளிர்ந்திருக்கிறது. வழக்கம்போல 18இல் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். காலையில் என்னைப் பிடித்து ஏச்சு.

வால்வுக்காரன் எழுதியது:

ஓம், ஃபேன் காயில் பெட்டியின் சூடு பின்னால் வரும், வயர் வருகிற ஓட்டையாலும் காற்று வரும். ஓட்டையைப் புட்டி வைத்து அடை. ஒரு நாள் விட்டு, இன்னும் கூடக் காட்டினால் மெனுவில் அந்த ஒன்றரையைக் கழி. சென்சர் வைத்த அன்று செய்யாதை, அறை அடங்கட்டும்.

அம்மாவின் விஷயத்துக்கு மெனுவில் ஒன்றும் இல்லை. குறைந்தது 20, கூடியது 25 என்று பூட்டி வைக்கலாம், அது வேண்டுமானால் செய்.