பங்குனிக் காலையில் பறவை பார்க்க உதயகிரிக் கோட்டையா, தேரூர்க் குளமா?

புளியமரத்தடி:
பங்குனியில் ஒரு ஞாயிறு காலை, பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகணும். கன்னியாகுமரி மாவட்டத்தில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைப் பூங்கா நல்லதா, தேரூர்க் குளமா? கையில் 8×42 பைனாகுலர் இருக்கிறது. ஆனால் மரத்துக்குள் சத்தம்தான் கேட்கிறது, தூக்கிப் பார்ப்பதற்குள் பறந்துவிடுகிறது. இன்னொன்று: குளத்தில் முதுகு கருஞ்சிவப்பாக ஒரு கொக்கு நிற்கிறதே, அது எது? புத்தகத்தில் பிடிபடவில்லை.

வரப்புக்கொக்கு:
அது மடையான்தான். குருட்டுக்கொக்கு என்பார்களே, அதே. மற்ற நாளில் வரப்பு மண் நிறத்தில் கோடு கோடாக இருக்கும், குஞ்சு பொரிக்கும் காலம் நெருங்கினால் முதுகு கருஞ்சிவப்பாகிவிடும். பறக்கும்போது சிறகு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், அது எப்போதும் மாறாது.

பங்குனியில் பெரும்பாலும் இப்படித்தான் ஏமாறுகிறோம். உண்ணிக்கொக்குக்குத் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகும். வெளுத்துத் திரிந்த மீசை ஆலா என்ற நீர்ப்பறவை வடக்கே கிளம்பும் முன் தலை கறுத்து, வயிறு சாம்பலாகும். அதனால் நிறத்தைப் பிறகு பாருங்கள். முதலில் அலகின் வடிவம், கால் நீளம், இரை தேடும் விதம்.

பிள்ளைகளோடு என்றால் முதலில் குளத்துக்கே போங்கள். 2022-ல் சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் இரண்டும் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் வந்தன. நீர்ப்பறவை நின்று நிதானமாக மேயும், பிள்ளைகளுக்குப் பொறுமை போகாது. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவே மூடாமல் இடைவெளி விட்டிருப்பதைக் காட்டுங்கள், ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஆறரைக்குள் போய், கிழக்குக் கரைப் பக்கம் நில்லுங்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பு நிழல்தான். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர்மேல் கானல் ஆடும், தூரத்து வாத்தை இனம் பிரிக்க முடியாது.

கமுகந்தோப்பு:
கோட்டையையும் விட்டுவிடாதீங்க அண்ணே, அங்கே காதால் பார்க்கணும். ‘டொக், டொக்’ என்று செம்பு தட்டுவதுபோல் ஒரே சீராகக் கேட்டால் செம்மார்புக் குக்குறுவான். ‘குட்ரூ, குட்ரூ’ என்றால் சின்னக் குக்குறுவான். இரண்டும் இலைப் பச்சை, தேடினால் கிடைக்காது. பழுத்த ஆலமரமோ அத்தியோ பார்த்து, கீழே பத்து நிமிஷம் அசையாமல் நின்றால் தானாக வரும். மாமரத்தடியில் நிற்கும்முன் முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று மேலே பார்த்துக்கொள்ளுங்க, பிள்ளைகள் பாவம்.

பைனாகுலருக்கு: பறவையைக் கண்ட கண்ணை எடுக்கவே கூடாது. பார்த்தபடியே கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவரணும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் இடம் தவறிவிடும். தோப்புக்குள் நுழையும்போதே பதினைந்து மீட்டர் தூரத்துக்குக் குவியத்தைத் திருப்பி வையுங்க. கண்ணாடி போட்டவர் என்றால் கண் வைக்கும் இடத்து வளையத்தை உள்ளே தள்ளணும், இல்லாவிட்டால் வட்டத்தின் ஓரம் கறுத்துத் தெரியும்.

சருகில் தத்தித் தத்தி நின்று, இலையைப் புரட்டும் குட்டைவால் பறவை கண்டால் அது ஆறுமணிக்குருவி. கூட்டமாகக் கலகலவென்று கிளறினால் தவிட்டுக்குருவி. ஆறுமணிக்குருவி ஏப்ரலில் வடக்கே போய்விடும், அதற்குமுன் கொழுப்புச் சேர்க்க வேண்டிய நேரம் இது. கைபேசியில் அதன் குரலைப் போட்டு வரவழைக்காதீங்க, தயவுசெய்து. எதிரி வந்ததென்று மேய்ச்சலை விட்டு ஓடிவரும்.

புளியமரத்தடி:
நன்றி. குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி சொல்வதை நம்பலாமா?

வரப்புக்கொக்கு:
துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணால் கண்டபிறகே எழுதுங்கள். மலையடிவாரத்தில் துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பேசும், செயலியும் ஏமாறும். பறவைப் பட்டியல் பதியும் இ-பேர்ட் தளத்தில் போடுவதென்றால் குளத்துக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று எனத் தனித்தனிப் பட்டியல், ஒவ்வொன்றும் 15 நிமிடமாவது. காக்கை, மைனாவையும் விடாமல் எண்ணுங்கள்.

கமுகந்தோப்பு:
கமுகு மரங்கள் வந்தால் தண்டையும் பாருங்க. பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும் பறக்கும் ஓணான், ஆண் என்றால் தொண்டையில் மஞ்சள் மடிப்பை விசிறிபோல் விரித்து மூடும். அந்த மஞ்சள் மின்னுவதை வைத்துத்தான் பிடிக்க முடியும்.