ஒன்பது நிமிட பியானோ கதையைக் காப்பாற்றியதா, கதையின் ஓட்டையை மூடியதா?

தூங்காதவன்:
(கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரை முடிவுவரை பார்க்காதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். யார் யாரைக் கொன்றார்கள் என்பதெல்லாம் வெளியே வரும்.)

2011-இல் தொடங்கி 2019-இல் முடிந்த அந்த எட்டு சீசன்களையும், மொத்தம் 73 எபிசோடுகள், இரண்டாம் முறையாகப் பார்த்து முடித்தேன். முதல் முறை மனதில் முள்ளாகக் குத்திய ஒன்று இப்போது பிடிபட்டுவிட்டது. திட்டுபவர்கள் திட்டலாம்.

ரமின் ஜவாடியின் பின்னணி இசையைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். நானும் கொண்டாடியவன்தான். ஆனால் கடைசி இரண்டு சீசன்களில் அந்த இசை, கதை செய்யாமல் விட்ட வேலையையும் சேர்த்துச் சுமக்கிறது.

நேற்று இரவு ஒரு சோதனை செய்தேன். எட்டாம் சீசனின் மூன்றாம் எபிசோடு, 'தி லாங் நைட்', செத்தவர்களின் படை கோட்டையைத் தாக்கும் இரவு, 82 நிமிடம். அதன் கடைசிப் பகுதியில் பியானோ தொடங்கும் இடத்திலிருந்து ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுப் பார்த்தேன். சுவரோடு சாய்ந்து நான்கு பேர் வாள் வீசுகிறார்கள். காட்சி மாறுகிறது. திரும்பி வருகிறது. அதே நான்கு பேர், அதே சுவர். பிணங்கள் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கின்றன. ஜான் ஒரு டிராகனைத் தாண்ட முடியாமல் ஒளிந்து நிற்கிறான். ப்ரான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். எதுவும் நகரவில்லை. பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே இடத்தைப் பார்த்தேன். கண் கலங்கியது. கலங்கியது பியானோவுக்காக, அந்த மனிதர்களுக்காக அல்ல.

செல்லோ காதலி:
உப்பைப் போடாமல் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, இந்தக் குழம்பு உப்பால்தான் ருசிக்கிறது என்று சமையல்காரரிடம் சண்டைக்குப் போவது போல இருக்கிறது. திரைக்கதையில் ஒலியும் பாதி. பாதியை அணைத்துவிட்டு மீதியைக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

அந்த பியானோவுக்கு ஒரு பூர்வகதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் 'தி லாங் நைட்'டைப் பற்றிப் பேசவே முடியாது. ஆறாம் சீசனின் கடைசி எபிசோடு, 2016 ஜூன் 26. கதை தொடங்கி அதுவரை 59 எபிசோடுகள் ஓடியிருந்தன; ஒன்றிலும் பியானோ கிடையாது. செல்லோ, வயலின், முரசு, குரல், அவ்வளவுதான். புல்லாங்குழல் வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டதாக ஜவாடியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மாயக்கதை என்றாலே குழல் ஊதும் வழக்கத்துக்கு அவர்கள் போட்ட முட்டுக்கட்டை அது. அப்படிக் கட்டுப்பாடாக வளர்ந்த ஓர் ஓசை உலகத்தில், மன்னனின் தாய் செர்சி தன் எதிரிகள் கூடியிருக்கும் கோயிலைத் தகர்க்கக் கறுப்பு உடை அணியும் காலையில், மணிச் சத்தத்துக்கு நடுவே ஒற்றை ஒற்றையாகப் பியானோ சுரங்கள் விழுகின்றன. ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சுவிடும் அளவு இடைவெளி. என்ன நடக்கிறது என்று புரியும் முன்பே, இதுவரை நடக்காத ஒன்று நடக்கப்போகிறது என்று வயிறு சொல்லிவிடுகிறது. பிறகு செல்லோ, சிறுவர்களின் குரல், ஆர்கன். கிட்டத்தட்ட பத்து நிமிடம் கழித்துக் கோயிலே பச்சைத் தீயில் வெடித்துச் சிதறுகிறது.

இதுவும் கதை சொல்வதுதான். வசனத்தில் எழுதியிருந்தால் நாசமாகியிருக்கும்.

இரண்டாம் பந்தி:
59 எபிசோடுகள் பியானோவைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவரின் பொறுமையில் கால்வாசி திரைக்கதை எழுதியவர்களுக்கும் இருந்திருக்கலாம்.

தூங்காதவன்:
செல்லோ காதலி, நீங்கள் என் வேலையைச் சுலபமாக்கிவிட்டீர்கள். 2016-இன் அந்த எபிசோடை இயக்கியவர் மிகேல் சபோச்னிக். 'தி லாங் நைட்'டும் அவர்தான். இசையமைப்பாளரும் அதே ஜவாடி, வாத்தியமும் அதே. இசையின் நீளமும் ஏறக்குறைய அதேதான். அப்படியிருக்க ஒன்று நெஞ்சில் நிற்கிறது, இன்னொன்று ஏன் நிற்கவில்லை?

உப்புக் கதை சொன்னீர்கள் அல்லவா? கோயில் காட்சியையும் ஒலியில்லாமல் பார்த்தேன். புரிகிறது! ஒவ்வொரு காட்சியும் யாரோ ஒருவரை ஓர் அடி முன்னே தள்ளுகிறது. செர்சியின் மகன், மன்னன் டாமென் அறையை விட்டு வெளியேற முடியாமல் வாசலை 'மலை' என்று பெயரெடுத்த காவலன் மறைக்கிறான். லான்சல் ஒரு சிறுவனைத் துரத்திக்கொண்டு நிலத்தடிக்குப் போகிறான், கத்திக்குத்து வாங்குகிறான், கால் விளங்காமல் கையை ஊன்றி நகர்கிறான். தூரத்தில் பச்சைத் திரவத்தின் நடுவே மெழுகுவத்தி உருகிக்கொண்டிருக்கிறது. மேலே கோயிலில் டாமெனின் மனைவி மார்ஜரி மட்டும், செர்சி இன்னும் வரவில்லை, ஏதோ தப்பு என்று கணக்குப் போடுகிறாள். அவள் கணக்குச் சரி, வழிதான் அடைபட்டுவிட்டது. இவ்வளவும் படத்திலேயே இருக்கிறது. இசை அதற்கு மேல் அமர்ந்திருக்கிறது. 'தி லாங் நைட்'டில் இசையை எடுத்துவிட்டால் கீழே தரையே இல்லை.

நாவல்வாசி:
இருவருமே பியானோவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். இந்தத் தொடரில் இசையும் கதையும் ஒன்றாகவே ஆன இடம் மூன்றாம் சீசனின் ஒன்பதாம் எபிசோடு, 2013 ஜூன் மாதம் வந்தது. செந்நிறத் திருமணம்.

'ரெயின்ஸ் ஆஃப் காஸ்டமியர்' பாட்டின் வரிகள் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினுடையவை, 2000-இல் வந்த மூன்றாம் நாவலில் இருக்கின்றன. நாவலில் மெட்டு இருக்க முடியாது அல்லவா? 'அந்தப் பாட்டை வாசித்தார்கள்' என்று படிக்கும்போது நம் காதில் எதுவும் ஒலிக்காது. மெட்டுப் போட்டவர் ஜவாடி. போட்டதோடு நிற்காமல், அதை நம் காதில் முன்கூட்டியே விதைத்தார்கள். இரண்டாம் சீசன் தொடக்கத்தில் டிரியன் சீட்டியடித்துக்கொண்டே வருகிறான். அதே சீசனின் ஒன்பதாம் எபிசோடில் படைவீரர்கள் குடித்துவிட்டுக் கூடிப் பாடுகிறார்கள். பிறகு மூன்றாம் சீசனின் எட்டாம் எபிசோடில், அதாவது படுகொலைக்கு முந்தைய எபிசோடில், செர்சி அந்தப் பாட்டின் பொருளையே விளக்குகிறாள்: லானிஸ்டர்களை எதிர்த்த ரெய்ன் குடும்பத்தைத் தன் தந்தை டைவின் பூண்டோடு அழித்த கதை. விதை, நீர், அறுவடை.

இப்போது திருமண மண்டபத்துக்கு வாருங்கள். மணமக்களைக் கூச்சலோடு தூக்கிக்கொண்டு போயாகிவிட்டது. ஒருவன் போய்க் கதவைச் சாத்துகிறான். மேல்மாடத்தில் வாத்தியக்காரர்கள் மெட்டை மாற்றுகிறார்கள். லானிஸ்டர்களோடு போரிடும் ராபின் தாய் கேட்லின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிகிறது. ராபுக்குத் தெரியவில்லை, அவன் மனைவியோடு குழந்தையின் பெயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். கேட்லின் பக்கத்தில் இருக்கும் ரூஸ் போல்டனின் சட்டைக் கையை விலக்கிப் பார்க்கிறாள். உள்ளே இரும்புச் சங்கிலிக் கவசம். விருந்துக்கு வந்தவன் கவசம் போட்டிருக்கிறான்.

நம் ஊரில் தாலி கட்டும் நேரத்தில் தும்மல் சத்தம்கூடக் காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம் முழங்குகிறார்கள் என்பார்கள். அபசகுனத்தை மறைக்கத்தான் அங்கே இசை. இங்கே இசையே அபசகுனம். அதை வாசித்தவர்களிடம்தான் வில்லும் இருந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். அந்தப் பாட்டு கேட்லின் காதில் விழுகிறது. கதைக்குள் இருக்கும் ஒருத்தி கேட்கிறாள், புரிந்துகொள்கிறாள், தாமதமாகிவிட்டது. 'தி லாங் நைட்' பியானோவை அந்தக் கோட்டைக்குள் இருக்கும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது நம்மிடம் மட்டும் பேசுகிறது, 'இப்போது அழுங்கள்' என்று.

செல்லோ காதலி:
நாவல்வாசி ஐயா, காஸ்டமியர் பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் தலை வணங்குகிறேன். முடிவுக்கு மட்டும் உடன்பாடில்லை. கோயில் காட்சியின் பியானோவை மட்டும் யார் கேட்டார்கள்? செர்சியா? மணிச் சத்தம்தான் அவர்களுக்குக் கேட்டது. கதாபாத்திரம் கேட்கும் இசைதான் உயர்ந்தது என்றால் உலகத்தில் பின்னணி இசை என்பதே இரண்டாம் தரம் ஆகிவிடும்.

தூங்காதவனுக்கு: அந்த பியானோ அழச்சொல்வதற்காக மட்டும் வரவில்லை, ஏமாற்றவும் வந்தது. 2016-இல் நாம் ஒரு பாடம் படித்துவிட்டோம். பியானோ வந்தால் உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் சாவார்கள். மூன்று ஆண்டு கழித்து, செத்தவர்களின் படைத் தலைவன் நைட் கிங் நிதானமாக ப்ரானை நோக்கி நடக்கும்போது அதே வாத்தியம் ஒலிக்கிறது. நாம் என்ன நினைக்கிறோம்? முடிந்தது, இவன்தான் ஜெயிக்கிறான் என்று. அந்த நம்பிக்கை நமக்கு வராவிட்டால் ப்ரானின் அக்கா ஆர்யா அவன்மேல் பாய்ந்து கொல்வதில் ஒன்றுமே இல்லை. கதையும் சும்மா இருக்கவில்லை. கத்தியை ஒரு கையிலிருந்து விட்டு மறு கையில் பிடிக்கும் வித்தையை ஏழாம் சீசனில் பிரியனோடு பயிற்சி செய்யும்போதே காட்டிவிட்டார்கள். சூனியக்காரி மெலிசாண்ட்ரே ஆர்யாவிடம் பேசிவிட்டுப் போன பிறகுதான் ஆர்யா காணாமல் போகிறாள். எங்கே போனாள் என்று கேட்கவிடாமல் நம்மைப் பிடித்து வைத்ததுதான் பியானோவின் வேலை. மந்திரவாதி இடது கையை ஆட்டுவது வலது கைக்காக.

2019-இல் எம்மி என்ற தொலைக்காட்சி விருதைக் கொடுத்ததும் இந்த எபிசோடின் இசைக்குத்தான்.

இரண்டாம் பந்தி:
சிறந்த தொடருக்கான எம்மியையும் அதே 2019-இல் அதே கடைசி சீசனுக்குத்தான் கொடுத்தார்கள். ஆகையால் விருதை இரு தரப்பும் கீழே வைத்துவிடுவது நல்லது.

தூங்காதவன்:
மந்திரவாதி உவமை அழகு. ஆனால் வலது கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஆர்யா அத்தனை பிணங்களையும் வெள்ளை உருவங்களையும் தாண்டி அந்த மரத்தடிக்கு எப்படி வந்தாள்? ஓர் உருவத்தின் தலைமுடி காற்றில் அசைகிறது, அவ்வளவுதான் விடை. கத்தி வித்தையை விதைத்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். வழியை விதைக்கவில்லை.

காஸ்டமியரில் இசை பொய் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். அது உண்மையை உரக்கச் சொல்கிறது; கேட்டவர்களில் ஒருத்திக்கு மட்டும் பொருள் தெரிகிறது. 2016-இன் பியானோவும் உண்மையைத்தான் சொன்னது. 2019-இல் முதல் முறையாக இசை நம்மிடம் பொய் சொல்கிறது. ஆறு சீசன்களாகச் சேர்த்த நம்பிக்கையை ஒரே இரவில் செலவழித்தார்கள்.

ஒலிக்கலைஞன்:
படத்தொகுப்புக் கூடத்தில் ஒலி வேலை செய்பவன் என்பதால் ஒரு வார்த்தை. நான் வேலை பார்த்த ஒரு தொடரில், பெயர் வேண்டாம், ஒரு மரணக் காட்சி எடுபடவே இல்லை. நடிப்பும் சரியில்லை, எழுத்தும் சரியில்லை. எல்லோரும் பார்த்துவிட்டு ஒரே குரலில் சொன்னார்கள்: 'இசை தூக்கிவிடும்.' அந்த மூன்று நிமிடத்துக்கு வயலினை மேலே மேலே ஏற்றினோம். தூக்கவில்லை. ஆகவே தூங்காதவன் சொல்லும் நோய் உண்டு, நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் நீங்கள் இருவரும் விட்டுவிட்ட இடம் மௌனம். கோயில் வெடித்த பிறகு டாமென் கிரீடத்தைக் கழற்றி வைக்கிறான், காட்சியை விட்டு விலகுகிறான். கேமரா அசையாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. திரும்பி வருகிறான், விளிம்பில் ஏறுகிறான், விழுகிறான். ஒரு சுரம் கிடையாது. பத்து நிமிட இசைக்குப் பிறகு வரும் அந்த வெறுமைக்கு நிகராக எந்த ஆர்கனும் இல்லை. ஐந்தாம் சீசனின் எட்டாம் எபிசோடில் நைட் கிங் இரு கைகளையும் உயர்த்தி, செத்தவர்கள் கண் திறக்கும் இடமும் அப்படித்தான். தண்ணீர்ச் சத்தம் மட்டும். செந்நிறத் திருமணம் முடிந்து பெயர்கள் ஓடும்போதும் இசை இல்லை. இதற்கு நேர்மாறாக மூன்றாம் சீசன் மூன்றாம் எபிசோடில் ஜெய்மியின் கையை வெட்டியதும் திடுமென ராக் பாட்டு அதிர்ந்தது. இன்றுவரை எனக்கு அது செரிக்கவில்லை.

தூங்காதவனுக்கு ஒரு கேள்வி. 'தி லாங் நைட்'டின் தொடக்கத்தில் டோத்ராக்கிப் படை எரியும் வாள்களோடு இருட்டுக்குள் பாய்கிறது. தூரத்தில் அந்த நெருப்புப் பொட்டுகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. அதையும் ஒலியில்லாமல் பார்த்தீர்களா?

தூங்காதவன்:
இப்போதுதான் பார்த்தேன். ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதுகு சில்லிடுகிறது. அந்த இரண்டு நிமிடத்தை உங்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். அந்தக் குதிரைப்படையை எதற்காக இருட்டுக்குள் அனுப்பினார்கள் என்பது வேறு வழக்கு.

செல்லோ காதலி:
அந்த வழக்கில் நான் உங்கள் பக்கம்தான். உலகத்தில் எந்தத் தளபதியும் அப்படி அனுப்ப மாட்டார்.

பியானோவை மட்டும் விட்டுத்தர மாட்டேன். 2022-இல் இதன் முன்கதைத் தொடர் 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' வந்ததே, அதன் முதல் எபிசோடில் பெயர்களோடு வரும் முகப்புக் காட்சி இல்லை. இரண்டாம் எபிசோடில் முகப்பு வந்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு நொடி பேச்சை நிறுத்தினோம். அதே பழைய செல்லோ மெட்டு. கதை நடப்பது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, மனிதர்கள் வேறு, ஒரே ஒரு மெட்டு மட்டும் வந்து, வீட்டுக்குள் வா என்று கூப்பிட்டது.

தூங்காதவன்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! கதையிலிருந்து எடுத்துப்போக ஒன்றும் மிஞ்சவில்லை, மெட்டை மட்டும் எடுத்துப் போனார்கள்.

நாவல்வாசி:
உங்கள் இருவரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்து மூன்றாம் சீசனைக் காட்ட வேண்டும்.

தூங்காதவன்:
அதற்கு நான் தயார். ஐயா, செர்சி அந்தப் பாட்டின் கதையைச் சொல்லும் இடம் எனக்கு நினைவிலேயே இல்லை. இரண்டு முறை பார்த்தும் கோட்டைவிட்டிருக்கிறேன். எட்டாம் எபிசோடில் எங்கே வருகிறது?

நாவல்வாசி:
டிரியன், சான்ஸா திருமணத்தில். மார்ஜரி செர்சியின் கையைக் கோத்துக்கொண்டு, நாம் சகோதரிகள் ஆகப்போகிறோம் என்று குழைவாள். அங்கிருந்து செர்சியின் முகத்தை மட்டும் பாருங்கள்.